எம்.எஸ்சி. இயற்பியல்: ஜாமா, க்யூட்டா, மார்க் மட்டும் போதுமா?

செப்டம்பர் கடைசி வாரம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வந்தவள், வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். "சார், எம்.எஸ்சி. எங்க சார் போடுறது?"

இந்தக் கேள்வி எனக்கு வழக்கமாக மே மாதம்தான் வரும். கடைசி செமஸ்டர் எழுதி முடித்து, ஃபேர்வெல் போட்டோவெல்லாம் எடுத்த பிறகு. அப்போது கேட்பவர்களுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்து அரசுக் கல்லூரி, எதிர்த்த ஊர் உதவிபெறும் கல்லூரி, கிடைத்தால் பல்கலைக்கழகத் துறை, அவ்வளவுதான் மிச்சம். நுழைவுத் தேர்வு வழிகள் இரண்டுக்கும் விண்ணப்பத் தேதி முடிந்து மாதக்கணக்காகியிருக்கும். அதனால் செப்டம்பரில் கேட்ட இந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன். அவளிடம் சொன்னதையும், சொல்ல மறந்து பிறகு யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இயற்பியலை வைத்து எழுதினாலும் வேதியியல், கணிதம் படிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. முடிப்பவருக்கு எம்.எஸ்சி.க்கு மூன்று வழிகள். ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுநிலைத் தேர்வு. அப்புறம், நுழைவுத் தேர்வே இல்லாமல் டிகிரி மார்க்கை வைத்துச் சேர்க்கும் மாநிலக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும். எது உசத்தி என்று கேட்டால் பேச்சு உடனே கல்லூரியின் பெயருக்குப் போய்விடும். இந்த மூன்றும் நம்மிடம் எதை அளக்கின்றன என்பதுதான் எனக்கு முதலில் படுகிற கேள்வி. ஒன்று மூன்று வருட உழைப்பைப் பார்க்கிறது, இன்னொன்று ஒரு நாள் காலையைப் பார்க்கிறது. நீங்கள் எதில் தேறுகிற ஆள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வித்தியாசத்தைக் காட்ட அவளுடைய ரெக்கார்டின் கடைசித் தாளில் மூன்று கேள்விகள் எழுதினேன். மூன்றும் ஒரே பாடம், வெப்ப இயக்கவியல்.

நம் செமஸ்டர் தேர்வில் எப்படி வரும்? "கார்னோ இயந்திரத்தின் செயல்திறனுக்கான சமன்பாட்டை வருவிக்க, 10 மதிப்பெண்." படம் வரைந்து, நான்கு படிகளை எழுதி, கடைசியில் சமன்பாட்டுக்குக் கட்டம் கட்டினால் ஒன்பதாவது வரும்.

க்யூட் பாணியில் கேட்டால்: 400 கெல்வினுக்கும் 300 கெல்வினுக்கும் இடையே இயங்கும் கார்னோ இயந்திரத்தின் செயல்திறன் எவ்வளவு? நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். "இருபத்தஞ்சு பெர்சென்ட்" என்று நான் எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

ஜாம் பாணியில்: ஒரே மாதிரியான இரண்டு பொருள்கள். ஒன்றின் வெப்பநிலை 400 கெல்வின், மற்றதன் வெப்பநிலை 100 கெல்வின். இரண்டின் வெப்ப ஏற்புத்திறனும் சமம், அது மாறாதது. இவற்றுக்கு நடுவே ஒரு மீள் இயந்திரத்தை ஓடவிட்டு, அது நிற்கும் வரை வேலை வாங்குகிறோம். கடைசியில் இரண்டும் எந்த வெப்பநிலையில் இருக்கும்? விடைகள் தரப்படாது, எண்ணை நாமே தட்டச்சு செய்ய வேண்டும்.

"250 சார்."

"இல்லம்மா."

சும்மா இரண்டையும் ஒட்டி வைத்தால்தான் 250. இங்கே இயந்திரம் நடுவில் புகுந்து கொஞ்சம் ஆற்றலை வேலையாக வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டதே. தாளைப் புரட்டி ஒரு நிமிடம் பார்த்தாள். விடையை நான் சொல்லவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன்.

இந்த மூன்றாவது வகைக் கேள்விதான் ஜாம். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் 30 கேள்விகள் ஒரு விடை மட்டும் சரியான வகை, தவறானால் மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள். அடுத்த 10-ல் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகத் தேர்ந்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. கடைசி 20 எண்ணைத் தட்டச்சு செய்வது. இந்த இரண்டு பகுதிகளிலும் குறைப்பு இல்லை. திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும். இதைக் கேட்டதும் பையன்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஏன் நிம்மதி என்று எனக்குப் புரிந்ததில்லை. 250 என்று அடிக்கவும் அதே கால்குலேட்டர்தான் உதவும்.

தேர்வு பிப்ரவரியில். ஆறாவது செமஸ்டர் பாதிகூட ஓடியிருக்காது. ஆனால் பாடத்திட்டம் மூன்று ஆண்டையும் தொடுகிறது: இயக்கவியல், அலைகளும் ஒளியியலும், மின்காந்தவியல், வெப்பம், நவீன இயற்பியல், திடப்பொருளும் மின்னணுவியலும், இவற்றுக்கு அடியில் கணித முறைகள். நம் கல்லூரிகளில் குவாண்டம் இயக்கவியலைக் கடைசி செமஸ்டருக்கு வைத்திருப்பார்கள். அந்தப் பகுதியை நீங்களே முன்கூட்டிப் படித்தாக வேண்டும்.

ஜாம் மூலம் ஐஐடிகளில் மட்டும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துச் சுமார் 3000 இடங்கள். அதே மதிப்பெண்ணை வைத்துத் திருச்சி போன்ற என்ஐடிகளிலும் சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வு. பெங்களூர் ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் இது செல்லும். ஐஐடி எம்.எஸ்சி.க்கு நேர்காணல் இல்லாமல் ரேங்கை வைத்தே இடம் என்பது இந்தத் தேர்வில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலம் சரளமாக வராத, ஆனால் கணக்கு போடத் தெரிந்த பையனுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு வேறில்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அது உண்மை. ஆனால் கேள்வியில் பாதி சமன்பாடு.

இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று, ஜாமில் "தகுதி பெற்றார்" என்று வந்ததும் வீட்டில் ஸ்வீட் கொடுத்துவிடுவது. தகுதி வேறு, இடம் வேறு. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிய பலருக்கு ஐஐடியில் எங்கும் இடம் கிடைப்பதில்லை. இரண்டு, ரிசல்ட் வந்த பிறகு சேர்க்கைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு எழுதினால் தானாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து கோட்டைவிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். கூடவே, ஒவ்வொரு ஐஐடியும் ஒவ்வொரு படிப்புக்கும் இளங்கலையில் என்னென்ன படித்திருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கும். அலைடு பாடம் என்று அலட்சியமாக எழுதிய கணிதம் அங்கே போய் முக்கியமாகிவிடும்.

க்யூட் வேறு மாதிரி. 75 கேள்விகள், எல்லாமே நான்கில் ஒன்று வகை. சரியானால் 4, தவறானால் 1 போகும், மொத்தம் 300. 2024-ல் 105 நிமிடம் கொடுத்தார்கள், 2025-ல் அதை 90 ஆக்கிவிட்டார்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடமும் பன்னிரண்டு விநாடியும். யோசிக்க நேரம் இல்லை, தெரிந்திருக்க வேண்டும். பி.எஸ்சி. புத்தகங்களை ஒழுங்காகப் படித்து, பழைய தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்தவருக்கு இது எட்டும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும், தமிழில் வராது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு ஒரு மாதம் போதும்.

இந்தத் தேர்வு தொடங்கியது 2022-ல். முதல் வருடம் செப்டம்பரில் நடத்தினார்கள். வகுப்புகள் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் பிள்ளைகள் வேறு கல்லூரிகளில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார்கள். 2023-ல் ஜூன். 2024 முதல் மார்ச். இப்போது விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் வருகிறது. அறிவிப்பு எந்த நாளில் வரும் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல முடியாது, தளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. க்யூட் எழுதினால் மதிப்பெண் அட்டை வரும், அவ்வளவுதான். தரவரிசைப் பட்டியலை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகப் போடும். திருவாரூருக்குத் தனியாக, புதுச்சேரிக்குத் தனியாக, ஹைதராபாத்துக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தேர்வுக் கட்டணம் 2025-ல் பொதுப் பிரிவுக்கு இரண்டு தாள் வரை 1400 ரூபாய், பல்கலைக்கழகப் பதிவுகளுக்கு அதற்கு மேல். ஜாம் அதே வருடம் ஒரு தாளுக்கு 1800. ஆனால் பெண்களுக்கு, எந்தப் பிரிவானாலும், பாதிதான்: 900. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் அதே 900. இதைச் சொன்னதும்தான் என் முன்னால் இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதுவரை 1800 என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

திருவாரூர் பக்கத்தில் நீலக்குடியில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2009-ல் தொடங்கியது, பெயரில் பெரிய மினுமினுப்பு இல்லை. ஆனால் டெல்டா மாவட்டத்துப் பெற்றோரிடம் "பொண்ணு டெல்லி போறா" என்று சொல்லிப் பாருங்கள், "திருவாரூர் போறா, ஹாஸ்டல் இருக்கு" என்றும் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் முகத்தில் தெரியும். மாநில ஒதுக்கீடு என்று அங்கே எதுவும் இல்லை, நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காத இடங்களில் வேறு மாநிலத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் என் வருத்தம்.

இனி மூன்றாவது, நம் மாநில வழி. இதற்கு நுழைவுத் தேர்வு பெரும்பாலும் கிடையாது, சில துறைகள் மட்டும் சொந்தமாக வைப்பதுண்டு. பகுதி மூன்றின் மதிப்பெண், அதாவது முதன்மைப் பாடமும் அலைடும், அதன் சதவீதத்தை வைத்துப் பட்டியல் போடுவார்கள். தமிழில் 95 வாங்கியது இங்கே உதவாது. மூன்று வருடம் ஒழுங்காகக் கல்லூரிக்கு வந்து, இன்டர்னல் விடாமல் எழுதி, அரியர் வைக்காமல் படித்தவருக்கு இது நியாயமான வழி. ஒரு நாள் காய்ச்சலில் எல்லாம் போய்விடாது. குறை என்னவென்றால், எல்லாக் கல்லூரியின் 85 சதவீதமும் ஒரே 85 அல்ல. தன்னாட்சிக் கல்லூரியில் அவர்களே கேள்வி எடுத்து அவர்களே திருத்துகிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் சின்ன ஊர்க் கல்லூரிப் பையன் 74-ஐ வைத்துக்கொண்டு அந்த 85-இன் பின்னால் வரிசையில் நிற்கிறான். இருவருக்கும் அந்த வெப்பநிலைக் கணக்கைக் கொடுத்தால் வரிசை மாறலாம். இதை ஒரு வாத்தியாராகச் சொல்லக் கூடாதுதான்.

இந்த வழியை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1952-ல் இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன் கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை அமைப்பைக் கண்டுபிடித்தது இங்கேதான். அவர் கட்டிய படிகவியல் துறை கிண்டி வளாகத்தில் இன்றும் இருக்கிறது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் நேரியலா இயங்கியல் மையத்தின் கட்டுரைகளை உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். துறையைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் மாநிலப் பல்கலைக்கழகம் எந்த விதத்திலும் இரண்டாம் தரமில்லை. பக்கத்தில் இருக்கிறது, பஸ் பாஸ் இருக்கிறது என்று மட்டும் சேர்ந்தால் எதிர்பார்ப்பையும் அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

இட ஒதுக்கீட்டுக் கணக்கு இந்த வழிகளில் ரொம்பவே மாறுகிறது. பலர் சறுக்குவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மாநிலத்தில் 69 சதவீதம்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. வருமான வரம்பு எதுவும் இல்லை, பள்ளியில் வாங்கிய நிரந்தரச் சாதிச் சான்றிதழ் போதும். மத்திய நிறுவனங்களில் பி.சி., எம்.பி.சி. எல்லாம் ஒன்றாகி ஓ.பி.சி. என்ற 27 சதவீதத்துக்குள் போய்விடும். அதற்குப் பள்ளிச் சான்றிதழ் செல்லாது. கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், இல்லை என்று சொல்லும் தனி ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதற்கு முன், உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இல்லை.

கிரீமி லேயருக்கு ஆண்டு வருமானம் எட்டு லட்சம் என்ற வரம்பைப் பார்த்ததும் "எங்க அப்பா வாத்தியார், சம்பளம் தாண்டிரும்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த எட்டு லட்சத்தில் சேராது. அரசு வேலையில் இருந்தால் அவர்கள் எந்தப் பதவி நிலையில் சேர்ந்தார்கள் என்று தனியாகப் பார்ப்பார்கள். விஷயம் தெரியாமல் உரிமையை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தேதி. இந்தச் சான்றிதழ் அந்த நிதியாண்டுக்கானதாக, அதாவது சேரும் ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். சில வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் பிப்ரவரியிலேயே சுறுசுறுப்பாக வாங்கி வைத்துவிட்டான். ஜாமில் நல்ல ரேங்க். சேர்க்கை விண்ணப்பத்தில் அதைப் பதிவேற்றினான், பழைய தேதி என்று திரும்பி வந்தது. புதிதாக வாங்க இ-சேவை மையத்துக்கு ஓடினான். விஏஓ பார்த்து, ஆர்ஐ பார்த்து, தாசில்தார் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதற்குள் கெடு முடிந்துவிட்டது. பொதுப் பட்டியலில் வைத்தார்கள், அந்த ரேங்குக்கு அங்கே இடம் வரவில்லை. இப்போது வேறோர் ஊரில் நன்றாகவே படித்து முடித்துவிட்டான். ஆனால் ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் எனக்கு அவன் ஞாபகம்தான் வருகிறது. தேர்வு விண்ணப்பத்துக்கு ஒன்று, ஏப்ரலில் மறுபடி ஒன்று, இப்படி இரண்டு முறை நடக்க வேண்டும். அலுப்புதான், வேறு வழியில்லை.

பணத்தைப் பற்றி. அரசுக் கல்லூரிதான் மலிவு, சந்தேகமில்லை. ஆனால் ஐஐடி என்றதும் லட்சக்கணக்கு என்று பயந்து விலகாதீர்கள், அது பி.டெக். கட்டணத்தைக் கேட்டு வரும் பயம். எம்.எஸ்சி. கட்டணம் அதைவிடக் குறைவு. இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேரும் தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு மாநில அரசே ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்ற வரம்போடு அறிவிப்பு வந்திருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் அந்தந்த வருடத்து விவரத்தைக் கேளுங்கள். புதுமைப் பெண் திட்டத்து ஆயிரம் ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும், அதை நம்பி எம்.எஸ்சி. கணக்குப் போட வேண்டாம்.

கணிதம் படிப்பவர்களுக்கு ஒரு வழி கூடுதலாக உண்டு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் தனக்கென்று நுழைவுத் தேர்வு வைக்கிறது. கேள்விகள் ஜாமைவிட ஆழம், நிரூபித்துக் காட்டச் சொல்வார்கள். நிரூபணம் எழுதுவதில் உண்மையான ருசி இருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

சரி, யார் எதைப் பிடிப்பது? ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஜாமுக்குத் தயாராகுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் அந்தத் தயாரிப்பு க்யூட்டுக்கு அப்படியே உதவும். க்யூட்டுக்கு மட்டும் படித்தவர் ஜாமில் திணறுவார். பள்ளி ஆசிரியர் ஆவதுதான் குறி, பி.எட். முடித்து டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு, எழுத வேண்டும் என்றால், எம்.எஸ்சி. எங்கே படித்தீர்கள் என்று அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்து அரசுக் கல்லூரி புத்திசாலித்தனமான தேர்வு. மிச்சமிருக்கும் இரண்டு வருடத்து நேரத்தையும் பணத்தையும் டிஆர்பிக்குச் செலவழிக்கலாம். முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியிலேயே படித்து வந்தவர்கள், முதுநிலை கேட்கும் வேலைக்குத் தமிழ் வழி ஒதுக்கீடு வேண்டுமானால் முதுநிலையும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னும் முடிவு செய்யவில்லை என்பவர்கள்தான் எப்போதும் அதிகம். அவர்களுக்கு நான் க்யூட்டைச் சொல்வேன். பகுதி மூன்றில் 80-க்கு மேல் இருந்து, கணக்கு என்றால் கை நடுங்கும் ஆளாக இருந்தாலும் க்யூட் எழுதுங்கள். மாநிலக் கல்லூரிகள் மேயில் எப்படியும் திறந்திருக்கும், அதை நம்பி மற்றதை விடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மார்க் குறைவு, ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு கணக்கோடு மல்லுக்கட்டுகிற ஜாதி என்றால் நீங்கள் ஜாமை விடவே கூடாது.

என் மாணவி எந்த வகை என்று எனக்கு அன்று தெரியவில்லை. நான்கு செமஸ்டராக நல்ல மார்க், அதற்கு மேல் எதையும் நான் கவனித்ததில்லை. ஜாம் விண்ணப்பம் முடிய இரண்டு வாரம் இருந்தது. யோசித்துச் சொல்லும்மா என்று அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை அட்டெண்டன்ஸ் எடுக்கும் முன்பே துறை வாசலில் நின்றாள். அதே ரெக்கார்டுத் தாள், பின்பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். கீழே என்ட்ரோபியின் மொத்த மாற்றத்தைப் பூஜ்யம் என்று வைத்து, 400-ஐயும் 100-ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 200 கெல்வின் என்று கட்டம் கட்டியிருந்தாள்.

"ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவைல எழுதிக் குடுத்துட்டேன் சார். ஏப்ரல்ல மறுபடியும் எழுதணும்ல?"